முழு மதிப்பு

டெலவேர் ஆற்றங்கரைப் பனியில்
தன் பூட்ஸைக் கழற்றி
ஏசா டட்டிலுக்குக் கொடுத்தவர்தான்
கர்னல் லெமுவேல் ஹாஸ்கின்ஸ்.
அதை யாரும் மறுக்கவில்லை.

போர் முடிந்தது. சம்பளத்துக்குப் பதில் காகிதம்.
ஏசா அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தான்,
மூன்று வருடம்.
விதைச் சோளத்துக்கு வழியில்லாத ஒரு மார்ச்சில்
பவுண்டுக்கு இரண்டு ஷில்லிங் என்று தள்ளிவிட்டான்.
தரகன் யாருக்காக வாங்குகிறான் என்று
கேட்கத் தோன்றவில்லை.

செனட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.
பத்திரங்களுக்கு முழு மதிப்பு தரச் சம்மதமா?
ஹாஸ்கின்ஸ் எழுந்தார்,
அணிவகுப்பில் நின்ற அதே விறைப்பு.
"ஆம்."
வீட்டு மேசை இழுப்பறையில்
தொப்பியின் வியர்வை வாடை போகாத
ஒரு காகிதம்.

அவர் கல்லறையில்
பூட்ஸ் கதையை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள்.
செதுக்கியது ஏசாவின் மகன்.
கூலியை ரொக்கமாகக் கேட்டு வாங்கினான்.