கேள்வி பதினான்கு

என் மேசையில் ஒரு ரப்பர் இடுப்பு இருக்கிறது.
காலுமில்லை, முகமுமில்லை.
நாளுக்கு எட்டுப் பேருக்கு
அதை வைத்துத்தான் சொல்லித் தருகிறேன்.
விரலால் நசுக்கு, வளையம் எட்டு மாதிரி நெளியும்,
உள்ளே தள்ளு, விடு,
தானே விரிந்து இடம் பிடித்துக்கொள்ளும்.
வலிக்காது. அவனுக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது
எல்லாரும் ஒரு தடவை கதவைப் பார்ப்பார்கள்.

தியோங்கே ந்திராண்டே சந்தையில் பழந்துணி விற்கிறவள்.
ஒப்புதல் படிவம் பதின்மூன்று பக்கம்,
சிச்சேவாவில் வாசித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம்.
பாதிப் பேருக்கு மருந்து வளையம்,
மீதிப் பேருக்கு வெறும் சிலிக்கோன்,
எது யாருக்கென்று எனக்கும் தெரியாது என்றேன்.
"சீட்டுக் குலுக்கலா?"
ஆமாம், கணினி குலுக்குகிறது.
"எனக்குக் கல்யாணம் ஆனதும் அப்படித்தான்"
என்றபடி கையெழுத்துப் போட்டாள்.

மாதாமாதம் பழசை வாங்கிப் புதுசு தருவேன்.
கேள்வி பதினான்கு:
சென்ற வருகைக்குப் பின் வளையத்தைக் கழற்றினீர்களா?
இல்லை.
இல்லையென்றால் அம்புக்குறி பதினெட்டுக்குத் தாவும்.
பதினோரு மாதம் தாவினோம்.

பன்னிரண்டாம் மாதம் நல்ல மழை.
கரண்ட் போய், ஃபிரிட்ஜின் முனகல் நின்றிருந்தது.
"பேனாவை மூடு" என்றாள்.
மூடினேன்.

"அலினாஃபே, என் ஓரகத்தி, ஞாபகம் இருக்கா?
பால் கொடுக்கிறவள்னு திருப்பி அனுப்பினியே."
இருந்தது. விதியை எழுதியது நானல்ல,
வாயால் சொன்னது நான்.
"அவ வீட்டுக்காரன் பெய்ராவுக்கு லாரி ஓட்டுறவன்,
மாசக் கடைசியிலதான் வருவான்.
என்னவன் தியோலோ தேயிலைத் தோட்டத்திலேருந்து
மாச முதல்ல, சம்பளத்தோட.
தேதி இடிக்கல.
கொதிக்க வெச்சுத்தான் கொடுப்பேன்,
தேயிலை டப்பாவுல போட்டு."

கத்திவிட்டேன்.
பகிரவே கூடாது, தொற்று ஒட்டும், கொதித்தால் மருந்து நிற்காது,
எல்லாம் சொன்னேன்.
அவள் குடையை விரித்து மடித்து
விரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.
"விளக்கவும்" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.
விளக்கினேன்:
இரண்டு பெண்கள். ஒரு வளையம்.
மறுபடியும் "விளக்கவும்."

ஆய்வு முடிந்து உறைகளைப் பிரித்த அன்று
தியோங்கேயின் எண்ணுக்கு எதிரே
வெறும் சிலிக்கோன்.

ஆளனுப்பினேன். இருவருமே வந்தார்கள்,
அலினாஃபேயின் பிள்ளை இப்போது நடக்கிறான்.
சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மினிபஸ்
ஆள் சேரக் கூவிக் கூவி, சேர்ந்து, போயும் விட்டது.

"அப்படின்னா கொதிக்க வெச்சதுல
ஒண்ணும் கெட்டுப் போகல" என்று
முதலில் சிரித்தவள் தியோங்கே.
பன்னிரண்டு மாதமும் அவள் ரத்தத்தைப் பார்த்திருக்கிறேன்,
அதில் எதுவும் இல்லை.
எது காத்தது என்று கேட்டாள்.
எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.
கூடவே கொடுத்தனுப்பிய ஆணுறையா?
அதை அவன் கூரையில் செருகிவைத்ததோடு சரி என்றாள்.

அலினாஃபே சிரிக்கவில்லை.
எங்கள் கணக்கில் இல்லாதவள்,
ஒருநாளும் ஊசி குத்தப்படாதவள்.
மோதிர விரலைத்தான் நீட்டினாள்.
ஒரு சொட்டு.
பதினைந்து நிமிடம் ஆகும் என்றேன்.

பிள்ளை குடையை எடுத்துவைத்துக்கொண்டு
விரிக்கத் தெரியாமல் அழுகிறான்.
யாராவது விரித்துக் கொடுக்கலாம்.