அரிசி வாளி

வூப்பர்டாலில் மழை.
சப்பாத்து வாங்கினேன், நாற்பத்தொன்பது யூரோ,
கடும் பச்சை.
வீட்டுக்கு வந்ததும் விலைத்துண்டை
நாலாய் மடித்து
அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

மணிக்கட்டுவரை கை அரிசிக்குள் இருக்கையில்தான்
நினைவு வந்தது:
அவன் போய்ப் பதினொரு மாதம்.

யாருக்கு ஒளித்தேன்?

ஹீட்டர் இன்னும் இரண்டிலேயே நிற்கிறது.
மூன்றுக்குக் கை போனால்
‘காசென்ன மரத்திலயா காய்க்குது’ என்று ஒரு குரல்.
அவனுடையதென்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டேன்.
என் குரல்.
அச்சொட்டாக என் குரல்.

அவனை விலக்க ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது.
இவளை எந்த நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது?

ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில் போகிறது.
தண்டவாளம் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே ஆறு,
உள்ளே ஒருத்தி பாண் கடித்துக்கொண்டு
ஃபோன் பார்க்கிறாள்.

துண்டைத் தோண்டி எடுத்தேன்.
மாப் படிந்திருந்தது. ஊதினேன்.
குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
வருகிற எவரும் வாசிக்கிற உயரத்தில்.

பிறகு ஹீட்டரை மூன்றுக்குத் திருப்பினேன்.
கொஞ்ச நேரத்தால் இரண்டரைக்குக் குறைத்தேன்.
வேர்த்தது, அதுதான் காரணம்
என்று எழுதி வைக்கிறேன்.