அறுநூறு லிட்டருக்கு

ஸ்கிம்மர் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது:
அறுநூறு லிட்டர் தொட்டிக்கு ஏற்றது.
முஹர்ரக்கில் அபூ ராஷித் வீட்டு மஜ்லிஸில் நிற்பதும்
அறுநூறுதான்.
போதாது என்றேன்.
கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

கண்ணாடியை அளந்து பயனில்லை, பாபா.
வாயை அளக்க வேண்டும்.
பாறை போகத் தண்ணீர் ஐந்நூறுகூட இராது.
ஆனால் மஞ்சள் டாங் மூன்று, கோமாளி மீன் ஆறு,
பெயர் தெரியாத ஒரு பெருந்தீனிக்காரன்,
வருகிற விருந்தாளியெல்லாம்
கிள்ளிப் போடும் இறால்.

அப்படியானால் இரண்டாயிரத்துக்கானது?

அதுவும் வேண்டாம்.
அழுக்கு போதாவிட்டால் நுரை
குழாயின் கழுத்துவரை ஏறி
எதையோ மறந்தாற்போல்
இறங்கிவிடும்.

ஆயிரத்தில் முடிந்தது பேரம்.
நாலாம் நாள் கோப்பையில்
கடுஞ்சாயா நிறத்தில் இரண்டு விரற்கடை.
மோந்து பார்த்து அவர் முகம் சுளித்தபோதுதான்
எனக்கு நிம்மதி.

இரவு அறைக்கு வந்தேன்.
நால்வருக்கு என்று கதவில் ஒட்டிய தாள்,
கீழே பதினொரு ஜோடிச் செருப்பு.
மரியசூசை சங்கரா பொரித்துக்கொண்டிருந்தான்.
புகைக்கு நடுவே
ஒற்றை எக்ஸாஸ்ட் விசிறி.

அண்ணாந்து பார்த்தேன்.
அதன் விளிம்பிலும் ஏதோ அளவு போட்டிருக்கிறது.
எண்ணெய்ப் பிசுக்கில்
எழுத்து தெரியவில்லை.