உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்டது

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பெயின்ட் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
தொண்டிக்குப் போனால் கடல், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.
போனதில்லை.
எனக்குத் தெரிந்தது தூத்துக்குடிக் கடல்,
அதுவும் ஸ்கேன் செய்து வரும் தாள்களில்.

பதினோரு வருஷமாக
சரக்கின் பெயருக்கு முன்னால் இதே வரியை அடிக்கிறேன்:
‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்டது.’
கப்பல்காரன் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.
ஏற்றியவர் சொன்னார், இவன் எழுதிக்கொண்டான்.
சீல் நம்பர் சரியாக இருந்தால் போதும்.
உள்ளே வெறும் வைக்கோல் இருந்தாலும்
அவன் தூக்கம் கெடாது.

சாத்தையா அண்ணனின் ஆத்தங்குடிக் கல்
ஒன்பதாயிரத்து அறுநூறு, நாற்பது மரப்பெட்டி.
கன்டெய்னரில் பாதி இடம் காலி,
எடை மட்டும் நிரம்பிவிட்டது.
ஆண்ட்வெர்ப்பில் ஏதோ ஓட்டலின் தரைக்கு.

இன்வாய்ஸில் விலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.
எஃப்.ஓ.பி. என்றால்
கப்பலில் ஏறியதும் கையைக் கழுவிக்கொள்ளலாம்.
சி.ஐ.எஃப். என்றால்
கப்பல் கூலியும் இன்சூரன்சும் நம் பணம்,
கடலில் ஆபத்து வாங்குபவன் பாடு.
டி.ஏ.பி. என்றால்
அவன் வாசலில் போய் நிற்கும்வரை
புயலும் நம்முடையது, தீயும் நம்முடையது.

வாங்குபவன் கேட்டிருந்தது டி.ஏ.பி.
“மூணு எழுத்துதானே, போட்டு விட்டுருங்க.”
மணி ஆறேகால். கரண்ட் போய்
யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது.
மகள் டியூஷன் வாசலில் நிற்பாள்.
போட்டேன்.
இன்சூரன்ஸ் கட்டம் காலியாக இருந்தது.
அதையும் கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மெயில் வந்தது.
கப்பலின் அடித்தளத்தில் தீ.
கேப்டன் ஒரு அறை முழுக்கத் தண்ணீரை விட்டு
மிச்சக் கப்பலைக் காப்பாற்றியிருக்கிறார்.
ஜெனரல் ஆவரேஜ் அறிவித்திருக்கிறார்கள்.

“கல்லு உடைஞ்சிருச்சா?”
“இல்லண்ணே. ஒண்ணுகூட.”
“அப்புறம் எதுக்கு எந்தலையில பதினெட்டு பெர்சன்ட்டு?”

சொன்னேன்:
எல்லோருக்காகவும் நனைந்த சரக்குக்கு
தப்பித்த சரக்கெல்லாம் சேர்ந்து ஈடு கட்ட வேண்டும்.
அவரவர் மதிப்புக்கு ஏற்றபடி.
பணம் கட்டாமல் பெட்டி வெளியே வராது.
கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும்.

கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“புள்ளிவரி.”
“என்னண்ணே?”
“கோயிலுக்குச் செட்டியாருக
புள்ளிக்கு இம்புட்டுன்னு போடுவாகள்ல.”
“ஆமா. கிட்டத்தட்ட அதுதான்.”
“அதுல பிரசாதமாச்சும் வீடு வந்து சேரும்.”

பாண்டு பத்திரத்தை நீட்டினேன்.
நகக்கண்ணில் பச்சைச் சாயம், பேனாவிலும் ஒட்டியது.
கையெழுத்துப் போடுமுன் நிறுத்திக் கேட்டார்:
“நனைஞ்சது யாரு சரக்கு?”
லிஸ்டைப் புரட்டினேன்.
“திருப்பூர் பனியன்.”
“அட, நம்ம பக்கத்துப் பய.”
போட்டார்.
பல்சர் கிளம்பும் சத்தம் கேட்டது.
அந்த மூன்று எழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

என் மேஜையில் தினமும்
எத்தனையோ பெட்டிகள் மூடியபடி போகின்றன.
ஒன்றிலும் நான் இப்படி
உள்ளே உட்கார்ந்து போனதில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தார்.
புது ஆர்டர், அதே ஓட்டல், மாடித் தரைக்கு.
“இந்தத் தடவ என்ன போடணும்?”
எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று அடித்தேன்.
ஏன் என்று அவர் கேட்காமலேயே
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
எங்கே நம் பொறுப்பு முடிகிறது,
எங்கே அவனுடையது தொடங்குகிறது,
எல்லாம்.

மெதுவாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு,
“அப்ப, போன தடவ?” என்றார்.

கீழே பெயின்ட் கடையில் மிஷின்
மூடிய டப்பா ஒன்றைக்
குலுக்கிக்கொண்டே இருந்தது.