அடிபிடித்த வாசனை

நாலாவது கியரில்தான் முதலில் தெரிந்தது.
முள் ஏறியது, கார் ஏறவில்லை.
ஆறாயிரம் சுற்று என்றது மீட்டர்;
ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள்
பழைய நிதானத்திலேயே பின்னால் போயின.
பிறகு அந்த வாசனை.
பாலை அடுப்பில் வைத்துவிட்டு
ஃபோன் பேசப் போனவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி முழுக்க கராஜில்
ஒரு பக்கம் ஹீட்டர் காலைச் சுட
மறுபக்கம் காது விறைக்க
நானும் ரஸ் கிவேலாவும் பூட்டிய சூப்பர்சார்ஜர்.
எஞ்சின் வாயில் காற்றைத் திணிக்கத் தெரிந்த எங்களுக்கு
தின்றதெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேருமா என்று
கேட்கத் தோன்றவில்லை.
கம்பெனி போட்ட கிளட்ச், பாவம்,
முந்நூறு குதிரைக்குத் திரித்த கயிறு.
வந்து நின்றவை ஐந்நூறு.

விரிகுடாவுக்கு அக்கரையில், சுப்பீரியரில்,
ஆர்லோ நியெமி பழைய செய்தித்தாளை விரித்து
மூன்றை வைத்தார்.

முதலாவது ஆர்கானிக்.
"காரட் இல்லை," என்றார், சிரிக்காமல்.
பதமாகப் பிடிக்கும். சூடு கண்டால் வாக்கு மாறும்.
அடுத்தது ஆறு பீங்கான் வில்லை,
நடுவில் ஸ்பிரிங் கூடக் கிடையாது.
பிடித்தால் பிடித்ததுதான்; பாதிப் பிடி என்பது
அதன் அகராதியில் இல்லை.
மூன்றாவது இரட்டைத் தட்டு.
அதன் விலையை வாயால் சொல்லவில்லை,
ரசீதுப் புத்தகத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்.
எனக்குப் பிடித்தது பீங்கான்.
முப்பது வயதில் எனக்குப் பிடித்த எல்லாமே
அந்த மாதிரிதான் இருந்தன.

பீங்கான் போட்ட வேட் டோர்வினெனின் காரை
ஒரு சனிக்கிழமை கடன் வாங்கினேன்.
லேக் அவென்யூ ஏற்றம், பாதியில் சிவப்பு விளக்கு.
டெல்லா மடியில் பீட்ஸா.
பச்சை விழுந்தது. பெடலை
முட்டை மேல் வைத்த காலாகத்தான் விட்டேன்.
கார் விக்கியது, குதித்தது, செத்தது.
பின்னால் ஹார்ன். மறுபடி விக்கல்.
மூன்றாம் முறை கிளம்பியபோது
பீட்ஸா டாஷ்போர்டில் இருந்தது,
காளான் ஒன்று கண்ணாடியில் ஒட்டி.

டெல்லா எதுவும் சொல்லவில்லை.
இடது முழங்காலை மட்டும் தடவிக்கொண்டாள்.
அதற்குள் இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன.
ஞாயிற்றுக்கிழமைகளில் காரை ஓட்டுவது அவள்.

நான் பார்க்கும் வேலை, கால்வாய்ப் பாலத்தைத் தூக்குவது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் வந்தால் மணி அடித்து
சாலையைத் துண்டாக்கி மேலே அனுப்புவேன்.
கீழே வரிசையாக நிற்கும் கார்களில்
எத்தனை இடது கால்கள் மிதித்தபடி காத்திருக்கின்றன என்று
பதினோரு வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.
அன்று ராத்திரி ஷிப்டில் யோசித்தேன்.
ஐந்நூறு குதிரையைப் பிடித்தால் போதாது.
ஈரச் சாலையில், ஏற்றத்தில், பசியோடு வீடு திரும்பும்போது
அரை அங்குலம் அரை அங்குலமாக
விடவும் தெரிய வேண்டும்.

படகு மோட்டாரை விற்றேன்.
ரஸ் இன்னும் அதற்காக முறைத்துக்கொண்டிருக்கிறான்.

இரட்டைத் தட்டு.
பெடல் வெண்ணெய். டெல்லா ஒருமுறை மிதித்துப் பார்த்து
"ம்" என்றாள்.
நியூட்ரலில் கரண்டி டப்பாவை உலுக்கிய சத்தம்.
ஆர்லோ முன்பே சொல்லியிருந்தார்:
அது அதன் குணம், நோய் அல்ல.
இன்னொன்றும் சொன்னார்: முதல் ஐந்நூறு மைல்
பதவிசாக ஓட்டு, தட்டுகள் ஒன்றையொன்று பழகட்டும்.

இன்று என் பாலத்தை வேறொருவர் தூக்குகிறார்.
வரிசையில் ஏழாவதாக நிற்கிறேன்,
கரண்டிகள் குலுங்க.
கப்பல் நீளம். அவசரமே இல்லாமல் போகிறது.
பக்கத்துப் பிக்கப்பில் இருக்கும் பையன்
பானெட்டுக்குள் கேட்கும் விசிலை அடையாளம் கண்டுகொண்டு
கட்டைவிரலைத் தூக்குகிறான்,
ஒரு மிதி மிதித்துக் காட்டு என்று.

மீட்டரைப் பார்க்கிறேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.