மிச்சச் சூடு

ராத்திரி பன்னெல்லாம் இறங்கியபின்
பேக்கரி அடுப்பின் மிச்சச் சூடு
எங்களுடையது.

ஒன்றரைக் கிலோ மாட்டுத் தொடைக்கறி, எலும்போடு.
சின்ன வெங்காயம், நுணுக்கிய மிளகு,
நான்காய்ப் பிளந்த உருளைக்கிழங்கு.
சட்டியின் வாயை மைதாவால் அடைத்து
ரஸ்க் தட்டுகளுக்குப் பின்னால் தள்ளுவான் எட்வின்ராஜ்.
விடிய விடிய
அதன்பாட்டுக்கு வேகும்.

கும்பகோணத்தில், ஆற்றோரத் தெருவில்,
மாடி வாடகைக்குப் பிடிக்கையில்
"வீட்டில் கறி ஆக்கமாட்டோம்" என்றிருந்தோம்.
ஆக்கியதுமில்லை.

ஐந்தரைக்கு சைக்கிள் கேரியரில்
சாக்கு சுற்றி வந்தது சட்டி.
ஹேண்டில்பாரில் வீட்டுக்காரருக்கு
ஒரு பாக்கெட் ரஸ்க்.

ஜன்னலைச் சாத்தி மாவை உடைத்தேன்.
கரண்டி பட்டதும்
எலும்பை விட்டு நழுவியது கறி.

பன்னை முக்கிச் சத்தமில்லாமல்
தின்றுகொண்டிருக்கையில்
கீழிருந்து குரல்:
"இன்னும் ரெண்டு எடு.
இன்னைக்கு ரஸ்க்கு
என்னமோ தனியா மணக்குது."