நாற்பது மில்லிமீட்டர்

தேவகோட்டைக்கு வெளியே எண்ணெய் ஆலை.
இரவு பதினொன்று இருபது.
ட்ரேயில் இருபத்துநாலு பாட்டில், மூடி இல்லாமல்,
கழுத்துவரை நல்லெண்ணெய்.
விரலில்லாத ஒரு கை அதைத் தூக்குகிறது.

மேலே எண்ணூறு. நில்.
வலமாக ஆயிரத்து இருநூறு. நில்.
கீழே எண்ணூறு.
நான் எழுதியது அப்படித்தான், மூன்றே வரி,
வரிக்கு வரி முற்றுப்புள்ளி.
புள்ளியில் மோட்டார் நின்றுவிடுகிறது
எண்ணெய் நிற்பதில்லை.
அது இன்னும் முந்தின வரியில்
போய்க்கொண்டிருக்கிறது.

வேகம், முடுக்கம், திடுக்கம் எல்லாம்
என் திரையில் வண்ணக் கோடுகள்.
அடைக்கலத்துக்குத் துணிக் கணக்கு.
"முந்தாநாள் பதினொண்ணு. நேத்து ஒம்பது.
இன்னைக்கி இப்பவே ஆறு"
என்று பிழிகிறாள் வாளியில்.

மெதுவாக ஓட்டினால் துணி மிச்சம்தான்.
நிமிஷத்துக்கு ஆறு ட்ரே என்று
வெள்ளையப்பன் கையெழுத்திட்ட தாள்
என் பைக்குள் இருக்கிறது.

சாயங்காலம் வந்த பஸ்ஸை நினைத்தேன்.
அமராவதிபுதூரில் அது நிற்கவில்லை;
நின்றது என்றும் சொல்லிக்கொள்ளலாம்.
வேகம் முழுதும் சாகுமுன்னே
இறங்குகிறவன் இறங்கி நாலடி ஓடினான்,
கூடைக்காரி ஏறினாள்,
டிரைவர் அதற்குள் அடுத்த கியரில்.
கூடையில் முட்டை.
ஒன்றும் உடையவில்லை.

சரி, அப்படியே ஆகட்டும்.
முதல் அசைவு தேயும்போதே அடுத்தது வளரட்டும்.
ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றத்தின் மேல்
போர்வை மாதிரி இழுத்துவிட்டேன்.
புள்ளிக்கு நாற்பது மில்லிமீட்டர் இருக்கையிலேயே
திரும்பிவிடு என்றேன்.
சதுர மூலை தோள்பட்டையாய் வளைந்தது.
எண்ணெய் ஒருபக்கம் சாய்ந்து
தூக்கத்தில் புரளும் பிள்ளையாய்
மறுபக்கம் வந்து படுத்துக்கொண்டது.

நைனார் முகமது
காதில் பென்சிலோடு குனிந்து பார்த்தான்.
"போகச் சொன்ன இடத்துக்கு
இப்ப அது போகவே இல்லையே, மேடம்."

ஆமாம். கிட்டத்தில் போய்விட்டு வருகிறது.
வழவழப்புக்குக் கொடுக்கும் விலை அது.

ஆசை யாரை விட்டது.
கடைசி இறக்கத்துக்கும் அதையே வைத்தேன்.
மூடி திருகும் தலை இறங்கி வந்தபோது
ட்ரே வந்தும் வராமலும் இருந்தது.
கண்ணாடிச் சத்தம்.
சிவப்பு விளக்கு.
மூன்று பாட்டில்.

கண்ணாடி பொறுக்கும்போது கணக்குப் பார்த்தேன்.
மாசி பதினேழு, அப்பா.
பத்தொன்பது, ஓசூரில் லேபிள் ஒட்டும் மிஷின்.
இருபத்துநாலு, நாமக்கல், முட்டை அடுக்குவது.
"உமையா, உன்னால எப்படி முடியுது" என்றார்கள்.
என் கோட்டில் அன்றைக்கு மூலையே தெரியவில்லை.
அந்தப் புள்ளி மட்டும் அங்கேயே இருக்கிறது,
சுற்றிக்கொண்டு போன வழிக்கு
நாற்பது மில்லிமீட்டர் உள்ளே,
யாரும் தொடாமல்.

மணி இரண்டு.
மேல் மூலைகள் இரண்டும் வளைவாகவே இருக்கட்டும்.
கடைசி வரிக்கு மட்டும் எழுதினேன்:
முழுதாகப் போ.
போய்ச் சேர்ந்தாய் என்று
அச்சே ஒப்புக்கொள்ளும்வரை காத்திரு.
அதற்கு மேலும் கால் நொடி இரு.

வளைவில் மிச்சப்பட்ட நேரத்திலிருந்து
அந்தக் கால் நொடியை எடுத்தேன்.
நிமிஷத்துக்கு ஆறு ட்ரே. மூடி பொருந்தியது.
"துணி?" என்றேன்.
"ஒண்ணு. அதுவும் நீங்க ஒடைச்சதுக்கு."

விடிகாலை, ரோட்டோரம், காரைக்குடி பஸ்.
கை காட்டினேன்.
தேய்ந்துகொண்டே வந்தது.
படியில் தொங்கிய கண்டக்டர்
"ஏறும்மா, ஏறு, ஏறு" என்றான்.

"நின்னாத்தான் ஏறுவேன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
பிறகு
ஒற்றை விசில்.